அக்கா கடல் படித்தது

என் அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். பக்கெட் தண்ணீரோடு மட்டும்தான் அவளுக்குச் சிநேகம். தலைக்கு ஊற்றும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் கடல் படிப்பு படிக்கப் போறேன்டி" என்றாள். அப்போது என் பல்லிடுக்கில் இரண்டு குண்டூசி இருந்தது. விழுங்காமல் தப்பித்தது என் நல்ல காலம்.

"எதுக்கு? கப்பல் கம்பெனில வேலை கேக்கப் போறியா?"

"அவருக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியை வெட்ட ஆரம்பித்தாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிற கடை நடத்துகிறோம். துறைமுகத்துக்குப் போகிற தெருவில், பெயின்ட் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிற கடை. அக்கா அளவெடுத்து வெட்டுவாள். நான் தைப்பேன். வருகிறவர்களிடம் தேனொழுகப் பேசுவது அவள் இலாகா. வாங்காமல் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை முறைப்பது என் இலாகா. தொழில் நன்றாகவே நடக்கிறது.

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். வாரம் முழுக்க ஜனங்களை மேலேயும் கீழேயும் அனுப்புகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது பக்கவாட்டில் போக வேண்டும் என்று ஆசை. அப்படித்தான் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். இரண்டு பேர் படுக்க உள்ளே ஓர் அறை, காற்று இல்லாதபோது தள்ளிக்கொண்டு போக ஒரு சின்ன எஞ்சின், பின்னால் உட்கார்ந்து திருப்பச் சுக்கான் கட்டை. படகு நல்ல படகுதான். அத்தான்தான் கொஞ்சம் கஷ்டம். வாய் ஓயவே ஓயாது. காற்றைப் பார்த்து ஒரு பேச்சு, கயிற்றைப் பார்த்து ஒரு பேச்சு, நாம் கயிற்றைப் பிடித்திருக்கிற லட்சணத்தைப் பார்த்து ஒன்பது பேச்சு. அவரோடு ஒருமுறை படகில் போய்வந்த சிநேகிதர்கள் மறுமுறை கூப்பிட்டால் ஊரிலேயே இருக்க மாட்டார்கள்.

போன வருஷம் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில், லிஃப்ட் எஞ்சின் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஊசி, நெஞ்சுக்குள் குழாய் என்று எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "படகு ஓட்டலாமா?" என்பது. பக்கத்தில் அழுது அழுது முகம் வீங்கி நிற்கிற சம்சாரத்திடம் ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. கேட்டீர்களா அநியாயத்தை!

"ஓட்டலாம்" என்றார் டாக்டர். "ஆனா தனியாப் போகக் கூடாது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவரத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்."

அந்த ஆளுக்கு எங்கே போவது? சிநேகிதர்கள் கதைதான் சொன்னேனே. படகை விற்றுவிடுவது என்று முடிவானது. வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். அத்தான் அவருக்குப் படகைச் சுற்றிக் காட்டினார், நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். உள்ளே ஓர் அலமாரிக் கதவு சரியாகத் திறக்காது, முழங்காலால் ஒரு முட்டு கொடுத்து மேலே தூக்க வேண்டும். அதை அத்தான் அவருக்கு ஒருமுறை காட்டினார். பிறகு இன்னொரு முறை காட்டினார். அதோடு பேச்சு நின்றுபோய், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு விவரம் தெரிந்து அவர் பேச்சு பாதியில் நின்றது அன்றைக்குத்தான். பல் டாக்டர் நல்ல மனிதர், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள்தான் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆள் நானா இருந்துட்டுப் போறேன்" என்றாள் அத்தானிடம். அத்தான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பயந்துபோனார்.

பல் டாக்டர், "காத்திருக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அவங்க கத்துக்கிட்டா சந்தோஷம். இல்லேன்னா எனக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, தானும் அதே வகுப்பில் போய்ச் சேர்ந்தார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பாருங்கள்! அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

வகுப்பு படகுக் கிளப்பில், பாய்களை மடித்து வைக்கிற அறையில் சாயங்காலங்களில் நடந்தது. ஈரக் கான்வாஸும் எண்ணெயும் கலந்த வாடை. தனியாகப் போகக் கூச்சப்பட்டு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கடைசியில் ஒரு பாய் மூட்டைமேல் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். டீச்சர் பயணிகள் கப்பலில் அதிகாரியாக இருக்கிறவள். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் குழந்தை பிறக்கிறவரை தரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள். புத்தகத்தை வயிற்றுமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாள்.

முதல் நாளே தலையில் இடி. உலகத்தில் வடக்கு ஒன்றுதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தின் வடக்கு ஒன்றாம், திசைகாட்டியின் முள் காட்டுகிற வடக்கு வேறாம். அது போதாதென்று, முள்ளின் வடக்கு வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். எவ்வளவு நகர்கிறது என்று வரைபடத்திலேயே ஒரு வட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

"வடக்கே எடம் மாறுதாம்டி!" என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் புலம்பினாள் அக்கா.

"வாடகை கட்டலைன்னு காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. மறுநாள் மெஷினை மிதித்துக்கொண்டே நானும் அதையேதான் யோசித்தேன். ஒரு முள்ளை நம்பி ஊர் உலகமே கப்பல் விட்டிருக்கிறது. அந்த முள்ளோ தவறான இடத்தைக் காட்டுகிறது. தவறு எவ்வளவு என்று தெரிந்தால் போதும், அதையே வைத்துக்கொண்டு போய்ச் சேரலாம் என்கிறாள் டீச்சர். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப் போனது.

அக்காவைக் கேட்கவே வேண்டாம். பயத்தில் போனவள் பைத்தியமாகத் திரும்பினாள். கடல் மைல் ஏன் தரை மைலைவிடப் பெரிது, நிலா ஒரு பக்கம்தானே இழுக்கிறது, தண்ணீர் ஏன் இரண்டு பக்கமும் ஏறுகிறது, ராத்திரியில் கப்பலுக்கு ஏன் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று டீச்சரைத் துளைத்தெடுத்தாள். கணக்குப் பாடத்தில் ஒருமுறை, தூரத்தை வரைபடத்தின் பக்கவாட்டு ஓரத்தில் இருக்கிற அளவில் வைத்துப் பார்க்காமல், மேல் ஓரத்து அளவில் வைத்துப் பார்த்துவிட்டாள். தீவு இருக்கிற இடத்தைவிட வெகு தூரத்துக்குப் போய்விட்டது. "பக்கவாட்டு அளவுதான் கணக்கு, மேலே இருக்கிறது ஆகாது" என்றாள் டீச்சர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அக்காவுக்கு மட்டும் ஆறவில்லை. ஏன் ஆகாது?

மூன்று நாள் கடையில் அவள் எந்த வேலையும் செய்யவில்லை. நான்காம் நாள் வீட்டில் கிடந்த ஒரு பந்தை எடுத்து வந்தாள். பழைய திரைச்சீலைத் துண்டில் இலை வடிவமாக ஆறு துண்டு வெட்டி, அந்தப் பந்துக்கு உறை தைத்தாள். வாடிக்கையாளர் ஒருத்தி சோபா உறைக்காக நின்றுகொண்டிருக்கிறாள், இவள் பந்துக்கு உறை தைக்கிறாள்! தைத்த உறையைக் கத்தரித்துப் பிரித்து மேசைமேல் தட்டையாக விரித்தாள். நடுவில் துண்டுகள் ஒட்டி நின்றன. மேலும் கீழும் இடைவெளி விழுந்தது.

"பாருடி. இந்த இடைவெளியை மூடணும்னா நுனியை அகலமா இழுக்கணும். அகலத்தை மட்டும் இழுத்தா உருவம் சப்பையாயிடும், அதனால உயரத்தையும் இழுத்திருக்காங்க. இழுத்த துணியை இழுத்த இடத்துலயே வெச்சுத்தான் அளக்கணும். அதான் பக்கவாட்டு அளவு!"

"இதுக்குத்தானா நாலு நாளு?"

"பூமிக்கு உறை தைச்சிருக்கேன்டி" என்றாள். அவள் முகம் ஜொலித்தது. நின்றுகொண்டிருந்த வாடிக்கைக்காரிகூட ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதி போயிற்று. கடையின் குறுகலான நடையில் நான் துணி உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "நான் உனக்கு வலப்பக்கத்துல இருந்து வர்றேன், நீதான் ஒதுங்கணும்" என்பாள். தெருவில் வண்டி ஹாரன் அடித்தால், "ஒரு தடவை அடிச்சான், வலது பக்கம் திரும்பறான்" என்பாள். வண்டி இடது பக்கம் திரும்பும். "சட்டம் தெரியாதவன்" என்பாள். ஆழத்தைப் பற்றிய பாடம் முழுவதையும் படித்து முடித்துவிட்டு, "ஆழம் தெரியாம கால விடாதேன்னு நம்ம ஆளுங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க. இவங்க அதையே நாப்பது பக்கத்துக்கு எழுதியிருக்காங்க" என்று சொன்னாள். அந்த நாற்பது பக்கமும் அவளுக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு பாடத்தில்தான் டீச்சரோடு சண்டை. கூட வருகிறவர் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம். "முதல்ல படகு. அப்புறம்தான் ஆள்" என்றாள் டீச்சர். "நெருக்கடியான எடத்துல சுக்கானை விட்டுட்டு ஆளைப் பார்க்க ஓடினா, படகு தரை தட்டும். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஆபத்து."

அக்கா எழுந்துவிட்டாள். "என்ன டீச்சர் பேசறீங்க? கட்டின புருஷன் விழுந்து கெடக்கறப்போ கட்டையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? உங்க புருஷனா இருந்தா உக்காருவீங்களா?"

டீச்சர் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "தெரியலைம்மா" என்றாள். "ஆனா பரீட்சையில இதைத்தான் எழுதணும்."

எழுதினாள். வேண்டாவெறுப்பாக எழுதினாள். பரீட்சையில் அவள் கோட்டை விட்டது வேறு இடத்தில். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் இந்தத் திட்டின்மேல் எவ்வளவு ஆழம் இருக்கும், அந்தக் கல்லின்மேல் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் தவறான விடை எழுதியிருந்தாள்.

"ஏம்மா, எல்லாமே ஒரே அளவு தப்பா இருக்கு?" என்று கேட்டாள் டீச்சர்.

"தையலுக்கு விட்டேன் டீச்சர்."

அறையே கொல்லென்று சிரித்தது. ஆமாம், துணி வெட்டுகிறவள் எந்த அளவையும் அப்படியே வெட்ட மாட்டாள், ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவாள். கை பழகிவிட்டது. கடலிலும் பத்திரத்துக்காக ஒவ்வொரு ஆழத்திலும் கொஞ்சம் குறைத்து எழுதி வைத்திருந்தாள். "கணக்கை முதல்ல சரியா முடிங்கம்மா. விடவேண்டியதை அப்புறம் தனியா விடுங்க" என்று சொல்லி டீச்சர் ஃபெயில் போட்டுவிட்டாள். பல் டாக்டர் முதல் தடவையிலேயே பாஸ். அக்கா ஒரு மாதம் பழியாகக் கிடந்து மறுபடி எழுதி, பாஸ் செய்து சான்றிதழோடு வந்தாள்.

அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றார்.

நியாயமான பேச்சுதான், அதற்காக மூஞ்சிக்கு நேராகவா சொல்வது? டீச்சரிடமே போய் யோசனை கேட்டோம். அவள் ஒரு வழி சொன்னாள். எங்கள் துறைமுகத்துக்கு எதிரே ஆள் இல்லாத ஒரு மணல் தீவு இருக்கிறது. அங்கே வரைக்கும் அத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது அவர் மயங்கிவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய்ப் படுத்துவிட வேண்டும். படகுத்துறைக்கு வந்து கயிறு கட்டி முடிக்கும்வரை கையையும் அசைக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. அக்கா தனியாகக் கொண்டுவந்தால் படகு எங்களிடமே தங்கும். முடியாவிட்டால் பல் டாக்டருக்கு.

முதல் தடவை தீவை விட்டுக் கிளம்பிய உடனேயே, "கட்டையை இவ்ளோ இறுக்கிப் பிடிக்காதே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டாம் தடவை, வழி காட்டக் கடலில் மிதக்கவிட்டிருக்கிற முதல் மிதவை வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அப்புறம், "நான் எதுவும் சொல்லலை, ஆனா எஞ்சின் சத்தம் சரியில்லை" என்றார். அக்கா படகை அங்கேயே நிறுத்திவிட்டு அழுதாளாம். "நீங்க பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் ஒண்ணும் தெரியாதவளாயிடறேங்க" என்றாளாம்.

அத்தானுக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை கிளம்பும்போது படகுத்துறையில் என் முன்னாலும் பல் டாக்டர் முன்னாலும் நின்று, "இந்தத் தடவை நான் வாயைத் திறந்தா, நானே படகை டாக்டருக்குக் கொடுத்துடறேன்" என்றார். பக்கத்தில் நின்ற பல் டாக்டர், "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றார். அவரும் என்னைப் போலவே அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தார்.

இனி நான் சொல்லப் போவது அக்கா பிறகு என்னிடம் சொன்னது. தீவில் ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டார்கள். அத்தான் உள்ளே போய் முன்பக்கத்துப் படுக்கையில் படுத்தார். சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும், காலுறையோடு. அக்கா நங்கூரத்தைத் தூக்கினாள், எஞ்சினைப் போட்டாள், கிளம்பினாள். முதல் மிதவை வந்தது. உள்ளே சத்தமில்லை. இரண்டாவது மிதவையைக் கொஞ்சம் ஒட்டியே திருப்பினாள். அதற்கும் சத்தமில்லை. பரவாயில்லையே மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எப்படி நம்ம கை?" என்று எதிரே யாரும் இல்லாமலேயே கேட்டுக்கொண்டாள்.

துறைமுக வாய்க்கு இரண்டு பக்கமும் மணல் திட்டு. நடுவே ஒரு குறுகலான வழி. கரையில் இரண்டு கம்பம் நட்டிருக்கிறார்கள், முன்னால் குட்டையாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று, இரண்டிலும் வெள்ளைப் பலகை. கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தால் நீங்கள் வழியின் நடுவில் இருக்கிறீர்கள். முன் கம்பம் இடப்பக்கம் விலகினால் நீங்கள் வலப்பக்கம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அன்றைக்குத் தண்ணீர் வற்றுகிற நேரம், துறைமுக வாய்க்குக் குறுக்கே நீரோட்டத்தின் இழுப்பு பலமாக இருந்தது. அக்கா அந்தக் கோட்டுக்குள் நுழைந்த சமயம், வெளியே போகிற பயணிப் படகு ஒன்று ஒருமுறை ஊதியது. வலப்பக்கம் ஒதுங்குகிறேன் என்று அர்த்தம். இவளும் ஒதுங்கினாள். அது கடந்து போனது. அதன் அலை இவர்கள் படகைத் தூக்கிப் போட்டது.

அப்போதுதான் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். அலைக்கு அவை இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்தன. மறு அலைக்கு மறு பக்கம் சாய்ந்தன. தானாக அசையவில்லை. அவ்வளவு பெரிய குலுக்கலுக்கு ஒரு முனகல்கூட இல்லை. அந்த மனிதரா? தேநீர்க் கோப்பை ஆடினாலே அரை மணி நேரம் பேசுகிற மனிதரா?

"ஏங்க" என்று கூப்பிட்டாள். பதிலில்லை. "ஏங்க, பேசலாம். நான் சொல்றேன், பேசுங்க. பந்தயம் எல்லாம் வேண்டாம்." பதிலில்லை. காலால் தரையை ஓங்கி உதைத்தாள். பாதங்கள் அலைக்கு ஆடிக்கொண்டிருந்தன.

கடலில் எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஊதினால் ஒன்று, இருமுறை ஊதினால் இன்னொன்று, மேலும் கீழுமாக இரண்டு சிவப்பு விளக்கு வைத்தால் படகு சொன்னபடி கேட்கவில்லை என்று அர்த்தம். அத்தனையும் இவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் 'நான் நன்றாக இருக்கிறேன், வாக்குக் கொடுத்ததால் பேசாமல் இருக்கிறேன்' என்று சொல்ல, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே ஒரு ஜாடை வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. டீச்சருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும் என்று பேசி வைத்திருக்கலாம். நாங்கள் எல்லோரும் அவர் வாயை எப்படி மூடுவது என்பதிலேயே குறியாக இருந்துவிட்டோம்.

வயர்லெஸ் உள்ளே, அவர் தலைமாட்டில். போன் அவர் சட்டைப்பையில். அக்கா சுக்கான் கட்டையை விட்டுப் பாதி எழுந்தாள். எழுந்த அந்தக் கணமே முன் கம்பம் இடப்பக்கம் விலகியது. வலப்பக்கத்தில் மணல், பழுப்பாக, தண்ணீருக்குக் கீழே தெரிந்தது. உட்கார்ந்தாள். கம்பம் மெல்ல நேருக்கு வந்தது. மறுபடி எழப் பார்த்தாள். மறுபடி விலகியது. அதன் பிறகு அவள் எழவில்லை.

கரையில் எங்களுக்கு என்ன தெரியும்? பல் டாக்டர் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே, "கோடு போட்ட மாதிரி வர்றாங்கங்க" என்றார். "எங்க அக்கா துணி வெட்டினாலும் கோணாது" என்றேன் பெருமையாக. "ஆனா ஏதோ கத்திக்கிட்டே வர்றாங்க போல இருக்கே" என்றார். அத்தான் வாயைத் திறந்துவிட்டார், சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். நாசமாகப் போச்சு என்று அவரைத்தான் திட்டினேன்.

படகு படகுத்துறைக்கு வந்தது. மோதவில்லை, உரசவில்லை. எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு நிறுத்தினாள். முன் கயிற்றை வீசினாள், பல் டாக்டர் பிடித்தார். பின் கயிற்றை அவளே கட்டினாள், சொல்லிக் கொடுத்தபடி, ஒழுங்காக. கைதட்டப் போனவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள போய்ப் பாருடி" என்றாள். "என்னால முடியாது."

ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை. குனிந்து உள்ளே போனேன். அத்தான் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார், வாய் திறந்திருந்தது. கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. அதே நேரம் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பல வருஷமாகப் பக்கத்து அறைச் சுவர் தாண்டிக் கேட்டுச் சலித்த சத்தம்தான் அது. குறட்டை!

"தூங்கறாருக்கா!" என்று கத்தினேன். "தடிமாடு மாதிரித் தூங்கறாரு!"

எஞ்சின் இரைச்சல் காதுக்குப் பக்கத்தில், நெஞ்சுக்குச் சாப்பிடுகிற மாத்திரையின் மயக்கம் வேறு. என் கத்தலுக்குத்தான் கண் விழித்தார். தாடையைத் துடைத்துக்கொண்டு, "எங்க இருக்கோம்?" என்று கேட்டார். கடலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர் அவர். "படகுத்துறையில" என்றேன். அவர் நம்பவில்லை. வெளியே வந்து கயிற்றைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிற அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து நாலு அடி போட்டாள். நன்றாகப் போட்டாள். எனக்குத் திருப்தி.

பல் டாக்டர், "நான் வேற படகு பாத்துக்கறேங்க" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அத்தான் அவரைப் பிடித்துக்கொண்டார். கம்பத்துக்கு நேராக எப்படி வரவேண்டும், இழுப்பு எந்தப் பக்கம், தன் சம்சாரம் எவ்வளவு அழகாகக் கொண்டுவந்தாள் என்று, தூங்கிக்கொண்டே வந்த மனிதர், ஒவ்வொன்றாக அவருக்கு விளக்க ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருவரும் முன்னால் நடந்தார்கள்.

நானும் அக்காவும் பின்னால் நடந்தோம். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். பாதங்களைச் சொன்னாள், கம்பத்தைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் போயிட்டாருன்னே நெனச்சேன்டி. சந்தேகமே இல்லை. போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டே கம்பம் ரெண்டும் நேரா இருக்கான்னு பார்த்தேன். எஞ்சினை எப்போ குறைக்கணும், எந்தக் கயிறு முதல்லன்னு எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. ஒண்ணும் தப்பலை."

"அதுக்குத்தானேக்கா கத்துக்கிட்டே?" என்றேன்.

"அதுக்குத்தான்" என்றாள். முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போகிற அத்தானையே பார்த்துக்கொண்டு நடந்தாள். "ஆனா அவர் இல்லாம எனக்கு இவ்வளவு நல்லா ஓட்ட வரும்னு தெரியாதுடி. தெரியாமலே இருந்திருக்கலாம்."

அவள் கையை விடாமல் நடந்தேன்.